மாண்டிசோரியின் முதல் மாணவர்கள்

மதுரையில் அண்ணா நகர், கே.கே. நகர், திருநகர் என எந்தப் பகுதிக்குச் சென்றாலும் மழலையர் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் ‘மாண்டிசோரி’ என்னும் சொல்லைக் காணலாம். அது ஒருவரின் குடும்பப் பெயர் என்பதைப் பெற்றோர் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். கட்டணம் சற்றுக் கூடுதலான, விளையாட்டுப் பொருள்கள் நிறைந்த பள்ளி என்பதே அச்சொல்லுக்கு இன்று நம் ஊரில் வழங்கும் பொருள். ஆனால், மரியா மாண்டிசோரி தம் முறையைக் கண்டடைந்தது வசதியான வீட்டுக் குழந்தைகளிடம் அன்று. பேச்சு வராத, கற்க இயலாதவர்கள் என்று பள்ளிகள் ஒதுக்கிய, மனநோய் விடுதிகளில் அடைக்கப்பட்டிருந்த குழந்தைகளே அவருடைய முதல் மாணவர்கள்.

பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்ற நான் கல்வியாளர் ஒருவரின் வாழ்க்கையை எழுத முற்படுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. குழந்தைப் பருவத்தின் முதல் சில ஆண்டுகளில் செய்யப்படும் செலவே ஒரு சமூகத்துக்கு மிகுந்த பலனைத் தரும் முதலீடு என்று என் துறையினர் கடந்த சில பத்தாண்டுகளாக எழுதி வருவதை, அவர் நூறாண்டுகளுக்கு முன்பே செய்து காட்டினார். மேலும், தம் வாழ்வின் முக்கியமான சில ஆண்டுகளை அவர் அன்றைய மதுரை மாவட்டத்தில் கழித்திருக்கிறார்.

மருத்துவரான பெண்

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியில் அங்கோனாவை அடுத்த கியாரவால்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை நிதித் துறையில் அரசு அலுவலர். தாய் நூல்கள் வாசிப்பதில் ஈடுபாடு மிக்கவர். 1875இல் குடும்பம் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது. பொறியாளர் ஆகும் எண்ணத்துடன் ஆண்கள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்த சிறுமி, பின்னர் மருத்துவம் பயில விரும்பினார். தந்தைக்கு அதில் உடன்பாடில்லை, பல்கலைக்கழகமும் தயங்கியது. முதலில் இயற்கை அறிவியல் பயின்று, அதன் வழியாக மருத்துவ வகுப்புக்குள் நுழைந்தார். ஆண் மாணவர்களுடன் சேர்ந்து பிணக்கூறாய்வு செய்வது முறையன்று என்று கருதப்பட்டதால், வகுப்பு முடிந்த பின் தனியாக அப்பயிற்சியை மேற்கொண்டார். 1896இல் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் சில பெண் மருத்துவர்களுள் ஒருவரானார். அதே ஆண்டில் பெர்லினில் நடந்த மகளிர் மாநாட்டில் இத்தாலியின் சார்பில் பங்கேற்று, உழைக்கும் பெண்களுக்குச் சம ஊதியம் வேண்டும் என்று பேசினார்.

பட்டம் பெற்றபின் ரோம் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் உதவியாளரானார். சிகிச்சைக்குரியவர்களைத் தேர்ந்தெடுக்க நகரின் மனநோய் விடுதிகளுக்குச் செல்வது அவர் பணிகளுள் ஒன்று. அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என முத்திரை குத்தப்பட்ட குழந்தைகளை அங்கே கண்டார். ஒரு விடுதியில் உணவு முடிந்ததும் அக்குழந்தைகள் தரையில் சிதறிய ரொட்டித் துணுக்குகளைத் தேடிப் பொறுக்கிக் கொண்டிருந்தார்கள். பேராசை என்று பணிப்பெண் அருவருப்புடன் கூறியதாக அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மாண்டிசோரி அறையைச் சுற்றிப் பார்த்தார். தொடவோ, பிடிக்கவோ, உருட்டவோ அந்த அறையில் ஒரு பொருளும் இல்லை. கைகளுக்கு வேலை தேடியே குழந்தைகள் துணுக்குகளைப் பொறுக்குகின்றன என்பது அவருக்குப் புரிந்தது.

பொறுமையாகக் கண்டறிந்த வழி

இந்த எண்ணத்துக்கு முன்னோடிகள் உண்டா என்று தேடிய அவர் இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைக் கண்டடைந்தார். காட்டில் தனித்து வளர்ந்து பேச்சறியாமல் இருந்த சிறுவனைப் பயிற்றுவித்த இதார் ஒருவர்; அவர் வழிவந்து, புலன்களையும் தசைகளையும் படிப்படியாகப் பழக்கி இத்தகைய குழந்தைகளை முன்னேற்ற முடியும் என்று காட்டிய செகான் மற்றவர். இருவரின் நூல்களையும் மாண்டிசோரி இத்தாலியில் மொழிபெயர்த்துத் தம் கையாலேயே முழுவதும் படியெடுத்தார். ஒவ்வொரு சொல்லின் பொருளையும் எடைபோட்டு உள்வாங்குவதற்காகவே அவ்வாறு செய்தார். 1898இல் தூரின் நகரில் நடந்த கல்வி மாநாட்டில், இக்குழந்தைகளின் சிக்கல் மருந்தால் தீர்வதைக் காட்டிலும் கற்பித்தலால் தீரக்கூடியது என்று வாதிட்டார். மருத்துவர் ஒருவர் அவ்வாறு கூறியது அக்காலத்தில் பெரும் கவனம் பெற்றது.

1900இல் இத்தகைய குழந்தைகளுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ரோமில் தொடங்கப்பட்டு, அதை வழிநடத்தும் பொறுப்பு மருத்துவர் ஜூசெப்பே மொந்தெசானோவுக்கும் மாண்டிசோரிக்கும் அளிக்கப்பட்டது. அங்கே காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரை குழந்தைகளுடன் இருப்பார். இரவில் அன்று கண்டதையெல்லாம் குறித்து வைப்பார். அப்பள்ளியில் 11 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கை கால்களில் குறையேதும் இல்லை. ஆயினும் ஊசியை மேலும் கீழுமாக ஓட்டித் தைப்பதை எவ்வளவு முயன்றும் கற்றுக்கொள்ள முடியவில்லை. மாண்டிசோரி தையலை நிறுத்திவிட்டு, பாய் முடைவதைப் போலத் தாள் பட்டைகளை ஊடும் பாவுமாகப் பின்னும் பயிற்சியை அளித்தார். சிறுமி அதில் ஆழ்ந்து போனாள். சில நாள்களில் ஊசியைத் திரும்பக் கொடுத்தபோது அவளால் தைக்க முடிந்தது. ஒரு செயலைக் கற்பிக்குமுன் அதற்கு வேண்டிய அசைவைக் கைக்குப் பழக்க வேண்டும் என்ற விதி இதிலிருந்து கிடைத்தது. எழுத்து வடிவங்களை மரத்தில் செய்து, குழந்தைகள் அவற்றை விரலால் தடவியபடியே ஒலியையும் கற்றுக்கொள்ளச் செய்ததும் இப்பள்ளியில்தான். இன்றைய தொழில்வழிச் சிகிச்சையாளர்களும் சிறப்பாசிரியர்களும் ஒரு பெரிய செயலைச் சிறுசிறு படிகளாகப் பிரித்துக் கற்பிப்பது இதே வழியில்தான்.

அவரிடம் பயின்ற குழந்தைகள் சிலர் பொதுப் பள்ளி மாணவர்களுக்கான தேர்வை எழுதித் தேறினார்கள். ஊரே வியந்தது. மாண்டிசோரிக்கோ வேறொரு கேள்வி எழுந்தது: தம் மாணவர்கள் இவ்வளவு முன்னேற முடியுமென்றால், குறையேதுமற்ற குழந்தைகளை இதே மட்டத்தில் நிறுத்தி வைத்திருப்பது எது? இக்கேள்வியே அவரைப் பொதுக் கல்வியின் பக்கம் திருப்பியது.

இந்த ஆண்டுகளில் அவர் தனிவாழ்வில் ஒரு துயரமும் உண்டு. 1898இல் மொந்தெசானோவுக்கும் அவருக்கும் மரியோ என்ற மகன் பிறந்தார். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. அன்றைய சமூகத்தில் மணமாகாத தாய், மருத்துவராகவோ ஆசிரியராகவோ தொடர இயலாது. குழந்தை நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றில் மறைவாக வளர்க்கப்பட்டது. மொந்தெசானோ வேறொருவரை மணந்தபின், 1901இல் மாண்டிசோரி அப்பள்ளியை விட்டு விலகினார். மரியோ வளரிளம் பருவத்தில்தான் தாயிடம் வந்து சேர்ந்தார். பிறகு அவரை விட்டுப் பிரியவே இல்லை.

சேரிக் குழந்தைகளின் இல்லம்

ரோம் நகரின் சான் லொரென்ஸோ பகுதி அன்று வறியவர்கள் வாழ்ந்த இடம். அங்கே குடியிருப்புகளைச் சீரமைத்த நிறுவனம் ஒன்று, பெற்றோர் வேலைக்குச் சென்றபின் குழந்தைகள் சுவர்களைப் பாழாக்காமல் இருக்க ஓர் ஏற்பாட்டை விரும்பியது. அந்தப் பொறுப்பை ஏற்று, 1907 ஜனவரி 6 அன்று மாண்டிசோரி ‘குழந்தைகள் இல்லம்’ என்பதைத் தொடங்கினார். பள்ளி வயதை எட்டாத ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கு இருந்தனர். முன்பு சிறப்புப் பள்ளியில் பயன்படுத்திய பொருள்களையே அங்கும் வைத்தார். மர எழுத்துகள் செய்யப் பணமில்லை. தச்சர்கள் பயன்படுத்தும் உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டினார். இன்று விலையுயர்ந்த பெட்டிகளில் விற்கப்படும் ‘மாண்டிசோரி எழுத்துகள்’ இப்படிக் கையில் காசில்லாத நிலையில் பிறந்தவை. சில மாதங்களில் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் தாமாகவே எழுதத் தொடங்கின. 1909இல் அவருடைய நூல் வெளிவந்தது. 1912இல் ஆங்கிலத்தில் வந்தபின் அவர் பெயர் உலகெங்கும் பரவியது.

புகழுக்குப் பிந்தைய வரலாற்றில் பாராட்டத்தக்கவை மட்டுமே இல்லை. 1920களில் முசோலினி அரசின் ஆதரவை அவர் ஏற்றுக்கொண்டார். இத்தாலியப் பள்ளிகளில் அவர் முறை பரவ அது உதவியது. குழந்தைகளைச் சீருடைப் படையாக மாற்ற அரசு முனைந்தபோது முரண்பாடு முற்றி, 1934இல் உறவு முறிந்தது. அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியிலும் நாஜிகள் அவற்றை மூடினர். அவர் வாழ்ந்துவந்த ஸ்பெயினில் 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது. நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்தார்.

அடையாறும் கொடைக்கானலும்

1931இல் லண்டனில் காந்தியடிகள் மாண்டிசோரியைச் சந்தித்து, அவருடைய பயிற்சிக் கல்லூரியில் உரையாற்றினார். இந்தியக் கிராமத்து ஏழைக் குழந்தைக்கும் இம்முறை கிட்டுமா என்பதே அவரது கவலை. 1939இல் பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று மாண்டிசோரி சென்னை வந்தார். அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் நடந்த முதல் பயிற்சியில் ஏறத்தாழ 300 பேர் பயின்றனர். சில மாதங்களில் திரும்புவதாக இருந்த பயணம் அது. ஆனால், 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் தாயும் மகனும் பகைநாட்டவர் ஆயினர். மரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். ஆகஸ்ட் 31 அன்று, மாண்டிசோரியின் எழுபதாவது பிறந்த நாளில், வைஸ்ராய் அவரை விடுவித்தார்.

1942இல் ஜப்பானியத் தாக்குதல் குறித்த அச்சம் சென்னையைச் சூழ்ந்தபோது மாண்டிசோரி கொடைக்கானல் சென்று ஏறத்தாழ இரண்டாண்டுகள் வாழ்ந்தார். திண்டுக்கல் மாவட்டம் 1985இல்தான் பிரிக்கப்பட்டது. அன்று கொடைக்கானல் மதுரை மாவட்டத்தின் பகுதி. பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகப் பயிலும் சிறிய பள்ளி ஒன்றை அங்கே நடத்தினார். ரோம் நகரில் மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்தவரின் சிந்தனை, இந்தியாவில் பிறந்த நாளிலிருந்து மூன்று வயது வரையிலான பருவத்தின் பக்கம் திரும்பியது. தாய் செல்லுமிடமெல்லாம் அவளோடு சென்று, பேச்சையும் முகங்களையும் சந்தையையும் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை எவ்வளவு கற்கிறது என்பதை அவர் எழுதினார். இந்தியாவில் நிகழ்த்திய சொற்பொழிவுகளின் அடிப்படையில் 1949இல் அடையாற்றில் வெளியான நூல், முதல் ஆறு ஆண்டுகளில், குறிப்பாக முதல் மூன்று ஆண்டுகளில், குழந்தையின் மனம் சூழலை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது என்று விளக்குகிறது. 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் அவர் மறைந்தார்.

மதுரைச் சமவெளியில் இன்று

குழந்தையின் வளர்ச்சிப் படிகளை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். பிள்ளைத்தமிழின் பருவங்கள் அதற்குச் சான்று. ஐந்தாம் மாதத்தில் கையூன்றித் தலைநிமிர்ந்து ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டும் சப்பாணி, ஓராண்டு நிறைவை ஒட்டி நடந்துவரும் வருகை என அவை அமைந்துள்ளன. மதுரை மீனாட்சியம்மைக்குப் பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை என்றும், திருச்செந்தூர் முருகன் அருளால் பேச்சு வந்தது என்றும் மரபு கூறுகிறது. எங்கள் பகுதியில் பேச்சு வராத குழந்தையின் பாட்டி ஆறுதலுக்கு எடுத்துச் சொல்வது பெரும்பாலும் இந்த வரலாற்றைத்தான். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால், மூன்று வயதில் பேசாத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று சோதிப்பதற்கு அந்த நம்பிக்கை தடையாக வேண்டியதில்லை. கேள்விக் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பிறப்பின்போது ஏற்பட்ட மூச்சுத் திணறலின் விளைவு என எதுவாயினும் இழக்கப்படும் ஒவ்வோர் ஆண்டும் பின்னர் ஈடுசெய்யக் கடினமானது.

குழந்தைகளைத் தேடிச்சென்று அளப்பதில் மதுரை மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. உலக வங்கியின் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் முதலில் தொடங்கியது இங்குள்ள கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான். 6 மாதம் முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை கூடாத குழந்தைக்கு மட்டும் சில மாதங்கள் கூடுதல் உணவளித்து, தாய்க்கும் விளக்கிச் சொல்வது அத்திட்டத்தின் முறை. உள்ளூர்ப் பெண் ஒருவரும் ஒரு தராசும் ஓர் அட்டையும் இருந்தால் போதும் என்ற எளிமையே அதன் வலிமை. எடைக்கு அன்று செய்ததைப் பேச்சுக்கும் நடைக்கும் பார்வைக்கும் செய்ய வேண்டிய காலம் இது.

அதற்கான அரசுக் கட்டமைப்பு ஓரளவு உள்ளது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுக்கள் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிகளுக்குச் சென்று குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும்; வளர்ச்சித் தாமதமும் அப்பரிசோதனையில் அடங்கும். கண்டறியப்பட்ட குழந்தைகள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பப்படுவார்கள். இடைவெளி, அனுப்பப்பட்டதற்குப் பிறகே தொடங்குகிறது. பேச்சுப் பயிற்சியோ இயன்முறைப் பயிற்சியோ ஒரு நாளில் முடிவதில்லை. மாதக் கணக்கில், வாரந்தோறும் தொடர வேண்டியது.

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மாணவர்களுடன் பல ஆண்டுகள் குடும்பக் கணக்கெடுப்பு நடத்தியிருக்கிறேன். வளர்ச்சி தாமதித்த குழந்தை உள்ள வீடுகளில் நான் கண்ட கணக்கு எளியது. அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை என்பது பெரிய உதவிதான். ஆனால், சேடப்பட்டியிலிருந்தோ பேரையூரிலிருந்தோ குழந்தையை இடுப்பில் சுமந்து மதுரை சென்று திரும்ப ஒரு முழு நாள் ஆகும். அன்றைய கூலி போய்விடும். மற்றக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மூன்று, நான்கு முறை சென்ற தாய் பிறகு நிறுத்திவிடுவதை அக்கறையின்மை என்று கூறுவது பொருந்தாது. கைவிட்டுப்போகும் வருமானத்தைப் பொருளாதாரம் செலவாகவே கொள்கிறது. நம் திட்டங்களின் மதிப்பீட்டில் அந்தச் செலவு இடம்பெறுவதில்லை.

பலன் குறித்த சான்றுகள் நிறையவே உள்ளன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளி ஆய்வில் இடம்பெற்ற 123 ஏழைக் குழந்தைகளும் அறிவுத்திறன் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களே. அவர்களுள் முன்பள்ளிப் பயிற்சி பெற்றோரின் பிற்கால வாழ்வைக் கணக்கிட்ட நோபல் பரிசாளர் ஜேம்ஸ் ஹெக்மன், அந்தச் செலவுக்கு ஆண்டுக்கு 7 முதல் 10 விழுக்காடு வரை பலன் கிடைத்ததாகக் கண்டார். ஜமைக்காவில் 1980களில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளிடையே நடந்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் வீட்டுக்குச் சென்று, குழந்தையோடு பேசவும் எளிய பொருள்களால் விளையாடவும் தாய்க்குக் கற்பித்தனர். இருபதாண்டுகளுக்குப் பின் அக்குழந்தைகளின் வருமானம், பயிற்சி பெறாதவர்களைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடி மையங்களில் நடந்த ஆய்வும் உண்டு. அவற்றில் பாதி மையங்களில் கற்பித்தலுக்கென்றே கூடுதலாக ஒரு பகுதிநேரப் பணியாளர் அமர்த்தப்பட்டார். அங்கே கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. குழந்தைகளின் கணித, மொழித் திறன்கள் உயர்ந்தன.

இவற்றின் அடிப்படையில் நான் முன்வைக்கும் யோசனை இதுதான். ஒவ்வோர் ஒன்றியத்திலும் சில கிராமங்களுக்கு ஒருவராக, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் ஒருவரை அமர்த்தி, வாரம் ஒருமுறை குழந்தையின் வீட்டுக்கோ அங்கன்வாடிக்கோ அனுப்ப வேண்டும். சிகிச்சையாளர்கள் மாதம் ஒருமுறை ஒன்றியத்துக்கு வந்து அவருடைய பணியை நெறிப்படுத்தலாம். தாய்-சேய் நல அட்டையில் படங்களாக இருக்கும் வளர்ச்சிப் படிகளை, எடையைக் குறிப்பதைப் போலவே மாதந்தோறும் குறிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். மாவட்ட மையத்துக்குத் தொடர்ந்து வரும் ஏழைத் தாய்க்கு அன்றைய கூலி ஈடு செய்யப்பட வேண்டும். கடுமையான மாற்றுத்திறன் கொண்டோருக்கான பராமரிப்பு உதவித்தொகையை 2023இல் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்திய அரசுக்கு இது ஏற்க இயலாத செலவன்று. வாழ்நாள் முழுவதும் வழங்கும் உதவி தேவைதான். முதல் மூன்று ஆண்டுகளில் செய்யும் செலவு, அந்த உதவியைச் சார்ந்து வாழ வேண்டியவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கும்.

எல்லாத் தாமதங்களும் நீங்கிவிடும் என்று எந்த மருத்துவரும் உறுதியளிக்க முடியாது. மாண்டிசோரியிடம் பயின்ற எல்லாக் குழந்தைகளும் தேர்வில் தேறிவிடவில்லை. ஆனால், தானாக உண்ணவும், பொத்தானைப் பூட்டவும், பசிக்கிறது என்று சொல்லவும் கற்ற குழந்தையின் வாழ்வும் அதன் தாயின் வாழ்வும் முன்பிருந்ததைப் போன்றவை அல்ல. அவர் தம் பெரும்பணிக்கான விதைகளைப் பொறுக்கி எடுத்தது இத்தகைய சிறு வெற்றிகளிலிருந்தே. அவர் பெயரைத் தாங்கிய பள்ளிகளுக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியும் தன் பகுதியில் வளர்ச்சி தாமதித்த குழந்தைகள் சிலரையாவது கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளட்டும். அருகிலுள்ள அங்கன்வாடிப் பணியாளருக்குத் தன் ஆசிரியர்களைக் கொண்டு பயிற்சி அளிக்கட்டும். அம்முறை யாருக்காக உருவானதோ அவர்களுக்கு அது அப்போதுதான் திரும்பக் கிடைக்கும்.